பேங்க் ரேட்டில் ஒரு மாப்பிள்ளை

செவ்வாய், இரவு.

தாபோடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு, அவள் மகள் சுதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு வேலை, டாலர் கிடைக்காத ஒரு நாட்டில். “பேங்க் ரேட்டுல மாசம் மூணு லட்சம் ரூபாய்” என்று அவன் அப்பா அளந்தார். அது காகிதத்தில் மட்டும் இருக்கும் ரேட்; அந்த ரேட்டில் அங்கே எந்த பேங்கும் டாலர் தராது. அதைச் சொல்லியே நாற்பது பவுன் கேட்டார். தங்கை வீட்டை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டாள்.

இங்கே இருபதாயிரத்துக்கு விற்கும் போனை, அவன் ஒரு மாதச் சம்பளத்தில் அங்கே எத்தனை வாங்கலாம் என்று வீடியோ காலில் பையனிடமே கேட்டேன்.

“அஞ்சு வரும், ஆன்ட்டி.”

மூன்று லட்சம் ஒரு லட்சமாயிற்று.

“இது கிளாஸ் இல்ல, டீச்சர்” என்றார் பையனின் அப்பா.

“அப்ப பவுனையும் மூணால வகுத்துடுங்க” என்றேன்.

அற்ப மனிதர். கேசரியை வழித்துத் தின்றுவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு எழுந்தார்.

“மாப்பிள்ளை பொய் சொல்லலையே, பெரியம்மா” என்கிறாள் சுதா. அதுதான் தூங்கவிடவில்லை.