சட்டைப்பையில் ஓர் ஓட்டை

என் அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் தலைவலி விட்டதா? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையின் பையில் ஓட்டை விழுந்துவிட்டது. பதறாதே, காயம் சட்டைக்குத்தான். கிடங்குக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. அச்சு அசல் உன் அப்பாவின் செருமல். பழக்க தோஷம், எரிகிற சிகரெட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு மரியாதையாகத் திரும்பினேன். நின்றது எங்கள் மேஸ்திரி. பை புகைவதைப் பார்த்து அவரே தண்ணீரை ஊற்றினார்.

"யாருக்குப்பா பயப்படுறே? இங்க உன்னைக் கேக்க யாரு இருக்கா?" என்றார்.

கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அந்தப் பேச்சு இன்னும் முள்ளாய்க் குத்துகிறது.

விட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். சிகரெட் பெட்டியில் போட்டிருக்கும் பயங்கரப் படத்தைப் பார்த்தும் விடவில்லை, விலை ஏறியும் விடவில்லை. அங்கே நம் வீட்டில் நீ வாசலிலேயே நிறுத்திச் சட்டையை மோந்து பார்ப்பாய். "பெரிய போலீஸு!" என்று எரிந்து விழுவேன். அந்த மூக்குக்குப் பயந்து பாதியிலேயே அணைத்த நாட்கள் எத்தனையோ. அதன் அருமை அப்போது தெரியவில்லை.

அதே நீலத்தில் நூல்கண்டும் ஓர் ஊசியும் அனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. இனிமேல் போனை எடுத்ததும், "இன்னிக்குப் பிடிச்சீங்களா?" என்று கேள். இல்லை என்றுதான் சொல்வேன். நம்பிவிடாதே.

உன்னவன்