பாதிக் காபி

மார்ச் 9, ஞாயிறு

பதினோரு வருஷமாகக் கூப்பிட்டு இப்போதுதான் அக்கா திருப்பத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். இன்று மல்லேஸ்வரத்தைச் சுற்றிக் காட்டினேன். தெருவெல்லாம் ரோஜா நிறப் பூ உதிர்ந்து கிடந்தது. "கால் வைக்கவே மனசு வரலடி" என்றாள். மெட்ரோவில் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. இந்த ஊரை நானே கட்டின மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் காபிக் கடையில் "ஒரு பை டூ" என்றேன். ஒரே காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள், இங்கே யாரும் அதைக் கஞ்சத்தனமாக நினைக்க மாட்டார்கள் என்று அக்காவுக்கு விளக்கினேன். கல்லாவில் இருந்தவர் என்னைத் தினமும் பார்க்கிறவர். அக்காவிடம் சிரித்துக்கொண்டே, "மேடம் எப்பவும் ஒண்டியா வருவாங்க. பை டூ கேக்கறது இதே ஃபர்ஸ்ட் டைம்!" என்றார்.

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. டம்ளரைக் காலி செய்து வைத்தாள். பிறகு, "காபி பிரமாதம்டி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாணப் பேச்சை எடுப்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. படுக்கை விரிக்கும்போது, "நாளைக்குச் சாயங்காலம்தானே டிரெயின்? காலையில அந்தக் கடைக்கே போலாம்" என்றாள்.

"காபி அவ்வளவு பிடிச்சிடுச்சா?"

"அந்த ஆளு என் மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்கட்டும். அடுத்த மாசம் வந்தா அடையாளம் தெரிய வேணாமா?"