வெள்ளைக்கார அண்ணி

நாவலூர்
12.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று பேரும் நலமா? அங்கே மழை விட்டதா? அனுக்குட்டி முன்பல் விழுந்து சிரிக்கிற போட்டோவை ஆபீஸில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டேன். வழக்கம்போல ஆபீஸ் மெயிலிலிருந்துதான் எழுதுகிறேன். என் போனை எடுத்து வாட்ஸ்ஆப்பை மேய்கிற பழக்கத்தை அப்பா இன்னும் விடவில்லை. மெயில் என்றால் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

ஒரு செய்தி. எனக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது. பெயர் ராகவன். மறைமலைநகரில் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினீயர், வீடு செங்கல்பட்டில். நல்ல மாதிரிதான் தெரிகிறார். அதிகம் பேசவில்லை. பேசுகிற வேலையெல்லாம் அவர் அம்மா விஜயகுமாரி பார்த்துக்கொண்டார். படாளத்தில் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்க புள்ள வெள்ளக்காரிய கட்டிக்கினு கீறாராமே, போட்டோ இல்லியா?"

அப்பா அசரவே இல்லை. "போன்ல இருந்துச்சு, போனு ரிப்பேரு" என்றார்.

எட்டு வருஷமாக ஓடுகிற கதை இல்லையா இது! உங்களைக் கல்யாணம் செய்துகொண்டு அண்ணன் அயர்லாந்து போனபோது, ஊர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அப்பா விட்ட கதை. உங்கள் ஜாதியைச் சொல்வதைவிட வெள்ளைக்காரி என்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஊரும் முகம் சுளிக்கவில்லை. "அப்பிடியா, நல்ல கலரா கீதா?" என்று வாயைப் பிளந்தது. அதிலிருந்து இறங்க இன்றுவரை அவருக்கு வழி தெரியவில்லை.

இந்தத் தடவை லீவில் வரும்போதும் மாமல்லபுரத்தில் அதே ஓட்டல்தானே? ஆடிக் கிருத்திகைக்குத் திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, அப்பா, அம்மா, நான் மூவரும் வந்துவிடுகிறோம். அண்ணன் மட்டும் ஒருநாள் படாளம் வந்து முகம் காட்டிவிட்டுப் போகட்டும்.

உங்கள்
பிரபா

கார்க், அயர்லாந்து
20.06.2024

அன்பு பிரபாவுக்கு,

மாப்பிள்ளை செய்தியைக் கேட்டு உன் அண்ணன் சமையலறையில் விசிலடித்தார். அனுவும் விசிலடிக்கப் பார்த்தாள், பல் இல்லாததால் வெறும் காற்றுதான் வந்தது.

நான் வெள்ளைக்காரி ஆனது முதல் இரண்டு வருஷம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. "ஏ வெள்ளக்காரி, காபி போடு" என்பார் உன் அண்ணன், நான் கரண்டியைத் தூக்கி எறிவேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. போன வாரம் பள்ளிக்கூடத்தில் தாத்தா வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். எங்கள் தாத்தா வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது, தினமும் ஒருவர் வந்து துண்டு மாற்றிக் கொடுப்பார் என்று அனு சொல்லியிருக்கிறாள். "நீங்கள் பெரிய பணக்காரர்கள் போலிருக்கிறது" என்றார் டீச்சர். நான் என்ன சொல்ல? படாளம் என்று ஒரு ஊர் இருப்பதே என் பிள்ளைக்குத் தெரியாது.

மாமா அந்த ஓட்டலுக்கு வருகிறார். அனுவைத் தோளில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறார். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டல்காரர்கள் கொண்டுவரும் காபியைக் குடிக்கிறவர், அறையில் நான் போட்டுக் கொடுத்தால் "இப்பதாம்மா குட்சேன்" என்கிறார். இத்தனை வருஷமாக இப்போதுதான் குடித்திருக்கிறார் மனுஷன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கல்யாணத்தன்று உனக்குப் புடவை கட்டிவிட்டு, பூ வைத்து, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருகிற அண்ணியாக நான் வரவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். ராகவனிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. படித்தவர், கேட்டுக்கொள்வார்.

அன்புடன்,
உன் அண்ணி
பிரிசில்லா

நாவலூர்
05.08.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மாமல்லபுரத்தில் அது நடந்த மறுநாள் காலையிலேயே திருக்கழுக்குன்றத்துக்கு, உங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. அயர்லாந்துக்குத் திரும்பிப் போகிறபோதும் ஒரு வார்த்தை இல்லை. எழுதினாலாவது படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ராகவன் வீட்டாரும் அன்றைக்குத் திருப்போரூர் போய் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே கடல் பார்க்க வேன் எடுத்து வருவார்கள் என்று யார் கண்டது? "தே பிரபா! நீங்களும் இங்கதான் கீறீங்களா?" என்று விஜயகுமாரி அத்தையின் குரல் கேட்டது. அண்ணனைப் பார்த்தார். அவர் தோளில் இருந்த அனுவைப் பார்த்தார். "புள்ள அப்பிடியே அப்பன உரிச்சி வெச்சிருக்கு. எங்க சம்பந்தி, உங்க வெள்ளக்கார மருமக?" என்றார்.

"ரூம்ல படுத்துகினு கீது. நம்ம வெயிலு அதுக்கு ஒத்துக்கல" என்றார் அப்பா.

நீங்கள் அனுவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தீர்கள். அத்தை திரும்பி உங்களைப் பார்த்தார். "புள்ளய பாத்துக்க ஆளையும் இட்டாந்துட்டீங்களா? நல்லதுதான். எந்த ஊரும்மா நீ?"

நீங்கள் அண்ணனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். நான் வாயைத் திறக்காததைப் பார்த்துவிட்டு, "திருக்கழுக்குன்றம்" என்றீர்கள்.

"தெரிஞ்ச ஆளா பிரபா? நம்பி வுடலாமா?"

"ஆமாங்க அத்தை, நல்லவங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். கையிலிருந்த மாங்காய்ப் பத்தையில் ஒன்றை எடுத்து "இந்தா, நீயும் துன்னு. புள்ளய தண்ணிகிட்ட வுடாத" என்று அத்தை நீட்டினார். நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ராகவன் உங்களைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

வேன் போனதும் அனு அறைக்கு ஓடினாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். "யார் அத்தை தூங்கறாங்க? இங்க யாருமே இல்லையே" என்று என்னைக் கேட்டாள். நான் குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திட்டியாவது எழுதுங்கள், அண்ணி.

உங்கள்
பிரபா

கார்க்
01.09.2024

பிரபாவுக்கு,

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். வயிறு எரிகிறது. உன் அண்ணன் மேல் இன்னும் அதிகம். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதுவரை கடலே பார்க்காதவர் மாதிரி. விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அந்த மாங்காய ஏம்மா கைநீட்டி வாங்குன?" என்று எங்கள் அப்பா கேட்டார். வாங்காமல் தட்டிவிட்டு நான் யார் என்று கத்தியிருந்தால், உன் கல்யாணம் அந்த மணலிலேயே முடிந்திருக்கும். அதை அப்பாவிடம் சொன்னேன். அவருடைய அக்கா சாராள் படாளத்தில் வாழ்க்கைப்பட்டு உங்கள் கழனியில் நாற்று நட்டவர், உங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தவர். அதெல்லாம் போயே போச்சு, நீ நர்ஸு, தலை நிமிர்ந்து நட என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்த மனுஷன் எங்கள் அப்பா மோசஸ். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கே வார்டில் தொண்ணூறு வயசு வெள்ளைக்காரிகளுக்கு நான் சோறு ஊட்டுகிறேன். கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். உன் அப்பாவுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் சில மாசம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ராகவன் ஒருவரிடம் சொல். அதற்குக்கூட உனக்கு வாய் வராதா?

பிரிசில்லா அண்ணி

நாவலூர்
09.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இன்னும் ராகவனிடம் சொல்லவில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் போன் செய்கிறபோதெல்லாம் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் எடுக்கிறேன். அம்மா வேறு என் காலில் விழாத குறை. "கல்யாணம் முடியட்டும்டி பிரபா, ஒரு மாசம் போவட்டும், அப்பால நானே எடுத்துச் சொல்றேன். இப்ப வாயத் தொறந்து உங்கப்பாவ தூக்குல தொங்க வுட்டுறாத" என்கிறாள். நான் என்ன செய்வேன்?

தை கடைசியில் முகூர்த்தம், மதுராந்தகத்தில் மண்டபம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணன் பேரு பக்கத்துல ஒரு பேரு போடணும்ல? நல்ல இங்கிலீஷு பேரா ஒண்ணு சொல்லு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "பிரிசில்லான்னே போடுங்கப்பா, அது வெள்ளக்காரிக்கும் வைக்கிற பேருதான்" என்றேன். "பிரிசில்லா" என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. போட்டுடு" என்றார்.

எட்டு வருஷத்தில் அப்பா வாயில் உங்கள் பேரை முதல்முறையாகக் கேட்டேன், அண்ணி! பார்த்திபன் - பிரிசில்லா என்று தங்க எழுத்தில் வந்திருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மச்சான் வேண்டும். அதனால் அண்ணன் மட்டும் வரட்டும். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

உங்கள்
பிரபா

கார்க்
15.12.2024

பிரபாவுக்கு,

பத்திரிகை பார்த்தேன். அச்சு அழகாக இருக்கிறது. மூலையில் மஞ்சள் தடவித் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பீர்கள். சிலர் சாமி மாடத்தில்கூட வைப்பார்கள். என் பேர் படாளத்தில் எல்லார் வீட்டுக்குள்ளும் போய் உட்காரும், நான் மட்டும் வரக்கூடாது. இது என்ன நியாயமடி?

உன் அண்ணனை அனுப்புகிறேன். தங்கை கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்கிற அளவுக்கு எனக்கு நெஞ்சு கல்லாகவில்லை. அவரிடம் ஒரு புடவை கொடுத்துவிடுகிறேன். அரக்கு நிறம், உனக்கு எடுப்பாக இருக்கும். கட்டிவிட நான் இருக்க மாட்டேன் என்பதால் மடிப்புக்கு ஊக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன். நீ எப்போதும் மடிப்பைக் கோணலாகத்தான் எடுப்பாய்.

நன்றாக இரு.

பிரிசில்லா

நாவலூர்
16.06.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கல்யாணம் முடிந்து நாலு மாசமாக எழுதவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது? வரவேற்புக்கு உங்கள் புடவையைத்தான் கட்டினேன். மோதிரம் போடும்போது அண்ணன் தப்பான விரலைப் பிடித்தார், எல்லாரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் நல்லவர், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை பாத்திரம்கூடக் கழுவுகிறார். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. ஆகஸ்டில் கம்பெனி அவரை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. என்னையும் அழைத்துப் போகிறார். "அங்கேருந்து அயர்லாந்து பக்கம்தானே? மச்சான் வூட்டுல நாலு நாள் இருந்துட்டு வரலாம். உங்க அண்ணிய நான் பாத்ததே இல்லியே" என்கிறார். அவருக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! அத்தை இப்போதே அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் காரம் ஆகாதாம்.

ஒரு மாசத்தில் சொல்கிறேன் என்ற அம்மா, இப்போது கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள்.

கேட்கவே வாய் கூசுகிறது. அந்த நாலு நாள் நீங்களும் அனுவும் வேறு எங்காவது... வேண்டாம். எழுதிவிட்டேன், அழிக்கவும் தெரியவில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
பிரபா

கார்க்
22.06.2025

பிரபாவுக்கு,

வாருங்கள். இரண்டு பேரும் வாருங்கள்.

நான் எங்கேயும் போக மாட்டேன். இது என் வீடு. நான் யாருக்கும் ஒளிந்துகொள்ளாமல் இருக்கிற இடம் இது ஒன்றுதான், இதையும் கேட்காதே. நீங்கள் மணி அடித்தால் கதவைத் திறப்பது நான்தான். மட்டன் குழம்பு வைப்பேன். உன் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டாலும் சரி, அப்படியே திரும்பிப் போனாலும் சரி, அது அவர் பாடு. ஆனால் நான் யார் என்பதை வழியிலாவது அவருக்குச் சொல்லிவிடு. வாசலில் நிற்க வைத்து நான் சொல்லும்படி செய்யாதே, அது அவருக்கும் அவமானம்.

அத்தை வருகிறாள் என்று அனுவிடம் சொல்லிவிட்டேன். உனக்குக் குளிருமே என்று தன் போர்வையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

உன் மேல் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது, பிரபா. அதனால்தான் கூப்பிடுகிறேன்.

உன் அண்ணி
பிரிசில்லா

நாவலூர்
04.07.2025

அண்ணி,

நாங்கள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிடுவது என்று இருந்தேன். சத்தியமாக அதற்குத்தான் வாயைத் திறந்தேன். "எங்க அண்ணி..." என்று ஆரம்பித்ததும் அவரும் அத்தையும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "எங்க அண்ணிக்கு நம்ம ஆளுங்க அவங்க வூட்டுக்கு வர்றது புடிக்காது" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் அழுதேன். அத்தைதான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். "வுடும்மா. வெள்ளக்காரங்க அப்பிடித்தான். நம்மள ஒரு மனுசனா மதிச்சி வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. அவகிட்ட உங்க அண்ணன் இன்னா பாடு படுதோ" என்றார். அன்று பூராவும் எல்லாரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள்.

அனுவிடம் நீங்களே ஏதாவது சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வரவில்லை.

பிரபா