முந்தி வந்த கூடாரம்

சட்டையைக் கழற்றிப் போட்டும் அந்த வாடை போகவில்லை. இன்று பாக்கார் ஆராங்கில் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் சாவுக்குப் போட்டிருந்த கூடாரத்தின் தார்ப்பாய் வாடை. ஊரே அழுதது. நான் அழவில்லை. எல்லாரும் உங்களை அண்ணே என்றார்கள். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இனியும் மாட்டேன்.

"சாவு வீட்டுக்கு மொத ஆளா போய் நிக்கணும்" என்று மேடைக்கு மேடை சொல்வீர்கள். அப்படியே செய்தீர்கள், மறுக்கவில்லை. தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் உங்கள் லாரியில் கூடாரமும் நாற்காலியும் வந்து இறங்கும். நீங்களும் வந்து பாடைக்குத் தோள் கொடுப்பீர்கள். அந்தத் தோளுக்காகவே உங்களுக்கு ஓட்டு விழுந்தது. உங்களை விட்டு விலகி, உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய இரண்டு பேர் அடுத்தடுத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் தோள் கொடுத்தீர்கள். வழக்கை விசாரித்த நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

இரண்டாமவரின் உடல் கோத்தா கோலா மூடாவில் மீன் வலையில் சிக்கியது. கையில் குத்தியிருந்த பச்சையை வைத்து ஆளை அடையாளம் கண்டதும், நேராக மெர்போக்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். செத்தது யார் என்று எங்கள் போலீஸ் நிலையத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வாசலில் உங்கள் கூடாரம் நின்றது. உங்கள் ஆட்களுக்கு அவர் மனைவி சிரித்த முகத்தோடு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வர்றாராம் சார், கூட்டம் வரும்னு இந்தக் கெமா போடுறாங்க. எங்க வீட்டுக்காரருதான் இன்னும் போன் எடுக்கல," என்றார். அவரிடம்தான் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல பேர் வாங்கும் அவசரம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டபோது சிரித்தீர்கள். "ஒதவி செய்யப் போனா குத்தமா தம்பி?" அதற்குள் அந்தப் பெண் பேச்சை மாற்றிவிட்டார். மகள் பிறந்தநாளுக்காகத் தானே கேட்டு வாங்கிய கூடாரம் என்றார். மகளின் படிப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டதும் அந்த வாரம்தான். நான் கண்ணால் கண்டதற்கு மதிப்பில்லாமல் போய், வழக்கு படுத்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புருஷனையும் கொன்று, அவர் வாயையும் அடைத்த உங்களைத்தான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன். கூண்டில் நிற்க வேண்டிய நீங்கள் மெத்தையில் தூங்கியபடி போய்ச் சேர்ந்தது எனக்கு ஆறவே இல்லை.

இன்று அந்தப் பெண்ணும் வந்திருந்தார். கூடாரத்துக்குள் வராமல் எதிரே வெயிலில் நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு என் மக பொறந்தநாளு இல்ல சார்," என்றார். "இப்ப சொன்னா எழுதிக்குவீங்களா?"

எழுதிக்கொள்வேன் என்றேன்.

அன்று மெர்போக்கில் கூடாரக் கம்பு நட்டவர்கள்தான் இன்று உங்கள் வாசலிலும் நாற்காலி போட்டார்கள். யார் சொல்லி அங்கே போனார்கள், வெட்டியது யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முகங்கள்தான், ஒன்றைக்கூட மறக்கவில்லை. நீங்கள் கிளம்பும்வரை மரியாதையாகக் காத்திருந்தேன். உங்களை ஏற்றிய வண்டி முனை திரும்பியதும் கூடாரத்துக்குள் போய், நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அவர்களில் ஒருவன் தோளில் கை வைத்தேன்.