சுவரைப் பார்த்து நிற்கும் பள்ளி

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஒன்றாம் வகுப்பில் வழக்கம்போல் ஒரே அழுகை. என்னுடைய மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு மொத்தமும் விடுமுறையோடு போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்த குழந்தையின் அப்பா, கார் மெக்கானிக், காலை வரிசையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "என்ன டீச்சர், எல்லாப் பிள்ளையும் சுவரப் பாத்து நிக்குது? அத்தன பேருமா தப்பு பண்ணாங்க?"

வருடத்துக்கு ஒருவராவது கேட்பதுதான். வாசலுக்கு முதுகு, பின்சுவருக்கு முகம், இங்கே வரிசை என்றால் அப்படித்தான். சுவரோரம் நிற்கும் டீச்சர் (இப்போது நான்தான்) இடது கையைத் தூக்குவார், பிள்ளைகள் வகுப்புக்குப் போவார்கள். பேச்சு, பாட்டு ஒன்றும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் பட்டன் கம்பெனியின் மாடி. அந்த ஜன்னல்களில் உட்கார்ந்துதான் ஒரு காலத்தில் அம்மாக்கள் வேலை பார்த்தார்கள் என்று விளக்கினேன்.

"அதான் செங்கல் வச்சு அடச்சிட்டாங்களே" என்றார்.

அவர்கள் அடைத்தார்கள், நாங்கள் நிறுத்தவில்லை என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

ஜூன் 6

தலைமையாசிரியருக்குத் தரையில் கால் பாவவில்லை. பட்டன் கம்பெனி முதலாளியின் பேரன் ஒன்றாம் வகுப்புக்குப் புதுக் கட்டடம் கட்டித் தரப்போகிறாராம். ஊரில் எல்லோரும் அவரைப் பேரன் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கே அறுபது இருக்கும்.

சும்மா இல்லை. வாசலில் தாத்தாவின் மார்பளவுச் சிலை வைக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்து நிற்க வேண்டும். பள்ளியின் வரலாறு சின்னப் புத்தகமாக வர வேண்டும். அதை எழுதுவது நான். முதல் வரியை அவர்களே அனுப்பிவிட்டார்கள்: 'இப்பள்ளியை நிறுவிய வள்ளல்...'

வாயில் டீ இருந்தது. எப்படியோ விழுங்கிவிட்டேன்.

ஜூன் 8, சனி

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கம்பெனியில் பட்டன் தைத்தவள்தான். வள்ளல் என்றதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

தெரிந்த கதைதான். எழுதுவதற்காக மறுபடி கேட்டேன். கம்பெனிக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாதவர்கள் பின்னாலிருந்த கிடங்கில் கொண்டுவந்து விட்டார்கள். வேலை செய்த பெண்களில் ஒருத்தி எட்டாவது வரை படித்தவள். அவளைக் கிடங்கில் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு, அவள் அட்டையில் தைக்க வேண்டிய பட்டன்களை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவள் கூலி குறையாமல் வந்தது. அவள்தான் இந்தப் பள்ளியின் முதல் டீச்சர். கழித்துப்போட்ட பட்டன்களை வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. விஷயம் தெரிந்தபோது முதலாளி மூடச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கிடங்குக்கு வாடகை என்று எல்லோர் கூலியிலும் பிடித்துக்கொண்டார். அரசாங்கம் பள்ளியை எடுத்துக்கொள்ளும்வரை பிடித்தார்.

இடது கையைப் பற்றிக் கேட்டேன்.

"காலையில பிள்ளைங்கள எங்க ஜன்னல் பக்கமா நிறுத்துவா. அவங்கவங்க பிள்ள வந்து சேந்துச்சான்னு பாக்கணும்ல? பாத்தாச்சுன்னா கையத் தூக்குவோம். வலது கையில ஊசி. அது நின்னா சூப்பர்வைசர் கத்துவான். அதனால இடது கை."

என்னையும் அப்படித்தான் தேடினாயா என்றேன்.

"உன்ன எங்க தேடுறது. மொகம் தெரியறதுக்கு முன்னாடியே உன் வாய் கேக்கும்."

ஜூன் 9

வள்ளல். வள்ளலாம்!

ஜூன் 13

எழுதிக் கொடுத்துவிட்டேன். பூசி மெழுகவில்லை. 'நிறுவினார்' என்று அவர்கள் போட்டிருந்த இடத்தில் 'வாடகை வாங்கினார்' என்று போட்டேன். அவர் செய்தது அதுதானே?

தலைமையாசிரியர் படிக்கப் படிக்க வியர்த்தார். "இது வரலாறா, வம்பா டீச்சர்?"

"ரெண்டுந்தான் சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்படத் தெரியாத மனிதர். பேரனுக்குக் கல்வி அலுவலகத்தில் செல்வாக்கு உண்டு, உங்களை மாற்றச் சொன்னால் என்னால் தடுக்க முடியாது என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஜூன் 14

அதெப்படி? எங்கம்மா கண்ணு போக தைச்சா — மாலை இவங்க தாத்தாவுக்கா? அந்த டீச்சருக்கு ஒரு போட்டோ கூட இல்ல. இவருக்கு வெண்கலத்துல மூஞ்சி. மாட்டேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். மாத்தட்டும், என்ன தூக்கி எங்க வேணா போடட்டும். போற எடத்துல பிள்ளைங்க இல்லாமலா இருக்கும்?

ஜூன் 20

பேய் மழை. ஒன்றாம் வகுப்பில் வாளி, குண்டான், குப்பைக்கூடை என்று கிடைத்ததையெல்லாம் வைத்தும் போதவில்லை. பிள்ளைகளை என் வகுப்பில் அடைத்தோம். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். "உங்க வீராப்புக்கு என் பிள்ளைங்க நனையணுமா?"

அவள் கேட்டது நியாயம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "கட்டடத்த வாங்கிக்க. சிலையும் வச்சுட்டுப் போகட்டும், பேரும் போட்டுக்கட்டும். பேரு என்ன பண்ணும்? கூரை ஒழுகக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

அப்போது வரிசை?

மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "அது எங்களுது. அத ஏன் குடுக்கணும்?"

ஜூன் 21

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். சிலை இருக்கட்டும். புத்தகத்தை வேறு யாராவது எழுதட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். வரிசை மட்டும் சுவரைப் பார்த்துத்தான்.

நான் இறங்கி வந்ததில் அவருக்கு உயிர் வந்தது. உடனே பேரனுக்குப் போன் செய்தார். பேசப் பேச முகம் சுருங்கியது. சிலைக்கு எதிரே பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதா, நடக்காது என்று சொல்லிவிட்டாராம்.

ஜூன் 26

சிலைத் திறப்பு விழாவுக்கு ஒத்திகை. பேரன் சொன்னபடி பிள்ளைகள் வாசலைப் பார்த்து நிற்க வேண்டுமாம். நான் நடத்த மறுத்தேன். தலைமையாசிரியரே வாசல் பக்கம் நின்று, பழக்கதோஷத்தில் "வரிசை" என்றார். பள்ளி மொத்தமும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. மறுபடி சொன்னார், மறுபடி அதேதான். வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒன்றாம் வகுப்பும் பெரியவர்களைப் பார்த்து டக்கென்று திரும்புகிறது. கடைசியில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டு, "முன்னால் பார்" என்று புதிதாக ஒன்றைச் சொல்லி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நிறுத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான், திரும்பிக்கொண்டார்.

ஜூலை 1

விழா முடிந்தது. முடிந்தது என்று சொல்லலாமா?

அம்மாவையும் அவளோடு வேலை பார்த்த மூன்று பேரையும் நான்தான் அழைத்திருந்தேன். அழைப்பிதழில் 'பொதுமக்கள்' என்று இருந்ததே. நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று நேராகப் போய்ப் பின்சுவரோரம், அடைத்த ஜன்னல்களுக்குக் கீழே நின்றுகொண்டார்கள். நானும் என் வழக்கமான இடத்தில், அவர்கள் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளைகள் சாக்பீஸ் கோட்டில் வாசலைப் பார்த்து நின்றார்கள். பேரன் தாத்தாவின் தியாகத்தைப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். 'தன் வியர்வையால் இப்பள்ளியை எழுப்பி' என்றபோது அம்மா என்னைப் பார்த்தாள். அவர் சிலைத் துணியின் கயிற்றைப் பிடித்தார்.

நான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, தவறி வாயில் வந்ததும் இல்லை. வகுப்பில் பேசும் குரலில், கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"வரிசை."

மொத்தப் பள்ளியும் திரும்பியது. துணி விழுந்தபோது தாத்தாவைப் பார்க்க ஒரு முகம் இல்லை.

அத்தனை முகங்களும் எங்களைப் பார்த்தன. அம்மா ஒரு நிமிடம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எண்ணுகிறவள் மாதிரி. பிறகு இடது கையைத் தூக்கினாள். மற்ற மூவரும் தூக்கினார்கள்.

கை தூக்கினால் வகுப்புக்குப் போக வேண்டும். போய்விட்டார்கள்! ஒன்றாம் வகுப்பு முதலில், சத்தமில்லாமல், வழக்கம்போல. முற்றம் காலி. பேரன் மைக்கைப் பிடித்தபடி நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. போட்டோக்காரர் சிலையை மட்டும் எடுத்தார்.

வேண்டுமென்றே செய்தாயா என்று வழியில் அம்மாவைக் கேட்டேன். "கை மரத்துப் போச்சு. உதறினேன்" என்றாள்.

ஜூலை 3

சிலையை அதே துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பீடம் மட்டும் நிற்கிறது. கட்டடம் கிடையாது என்று தகவல் வந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்னோடு பேசவில்லை.

ஜூலை 8

எனக்கு மாற்றல். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளி. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வலிக்காது என்று யார் சொன்னது? பட்டன் டப்பாவை ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்தேன். வாங்கி, அலமாரியில் வைக்காமல் மேஜை மேல் வைத்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

மெக்கானிக்கும் இன்னும் சில அப்பாக்களும் ஒன்றாம் வகுப்புக் கூரையில் ஏறித் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய தகரம்தான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல வேல பண்ணீங்க டீச்சர், ஞாயித்துக்கிழமையும் போச்சு" என்று மேலிருந்து கத்தினார். வருத்தப்படவில்லை நான்.

ஜூலை 22, திங்கள்

புதுப் பள்ளி. நல்ல கட்டடம். பிள்ளைகள் வாசலைப் பார்த்து நிற்கிறார்கள், ஒருவர் நீளமாகப் பேசுகிறார். பழகிக்கொள்வேன், அல்லது அவர்கள் என்னோடு பழகிக்கொள்ளட்டும்.

மதியம் பழைய தலைமையாசிரியர் போன் செய்தார். கூரை பரவாயில்லை, ஒரு மூலையில்தான் சொட்டுகிறது என்றார். பிறகு இழுத்தார்.

"காலையில வரிசைக்கு நான்தான் சுவர்கிட்ட நின்னேன். கையத் தூக்கினேன். ஒருத்தனும் நகரல டீச்சர். அப்படியே என்னப் பாத்துட்டு நிக்கிறாங்க."

எந்தக் கை சார் என்று கேட்டேன்.

போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. கையைத் தூக்கிப் பார்க்கிறார் போல.

"நாளைக்குச் சரியாத் தூக்கிடறேன்" என்றார்.