நைஜீரியா சார்

8.7.1976, வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கிரேசி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அந்த அமளியில்தான் தபால்காரர் வந்தார். நைஜீரியாவிலிருந்து கடிதம்.

மே மாதம் மெட்ராஸில் நடந்த நேர்முகத்துக்கு நானும் கிரேசி அப்பாவும் சேர்ந்தே போனோம். எனக்குக் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. அவருக்கு இல்லை. தமிழாசிரியரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பூகோளமும் எடுப்பேன் என்று சொல்லிப் பார்த்தார், பாவம்.

மூன்று வருடமாகப் பிரசவ விடுப்பில் போகிறவர்களின் இடத்தில்தான் நான் பாடம் நடத்துகிறேன். பிள்ளைக்காரி திரும்பி வந்தால் நான் வெளியே. இதுதான் எனக்கென்று கிடைத்த முதல் வேலை.

அவர் சிரித்தார். "ஏளா, உன் கணக்கு ஒலகம் பூரா செல்லும். என் தமிழு இந்த உப்பளத்தோட சரி." சாயங்காலம் மக்ரூன் வாங்கி வந்தார். "ரெண்டு வருசந்தான. கிரேசிய நான் பாத்துக்கிடுதேன், நீ போ." இப்படிச் சொல்ல எத்தனை ஆம்பிளைகளுக்கு மனசு வரும்?

11.7.76, ஞாயிறு

கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தோம். உறையின் மேல் குடும்பத் தலைவர் பெயரைத்தான் எழுதுவது வழக்கம். உபதேசியார் வாசித்தார்: "வெளிநாட்டில் உத்தியோகம் கிடைத்த நன்மைக்காக ஜேசுபாதம் ஆசிரியர் ஸ்தோத்திரக் காணிக்கை."

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருடைய தலைமையாசிரியர் கிருபாநிதி சார் தோளில் தட்டி, "என்னவே, கமுக்கமா இருந்து சாதிச்சுட்டீரே!" என்றார். அவர் சிரித்தார். எனக்கில்லை, அவளுக்கு என்று சொல்லவில்லை. நான் பெண்கள் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வரும் வழியில், "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிருதேன்" என்றார்.

13.7.76

சொல்லவில்லை.

22.7.76, வியாழன்

பையன்கள் அவருக்கு 'நைஜீரியா சார்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அவரே வந்து சொல்லிச் சிரிக்கிறார். வேட்டிக்கு இஸ்திரி போடுகிறார். இங்கிலீஷ் வாத்தியார் எழுந்து நாற்காலி கொடுத்தாராம் — இத்தனை வருடமும் இவர் வணக்கத்துக்குத் தலையைக்கூட அசைக்காத மனிதர்.

எனக்கு எரிகிறது. யாருடைய வேலை? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்துப் பாஸ் பண்ணியது யார்?

25.7.76, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது கத்திவிட்டேன். "நீங்க சொல்லலேன்னா இன்னைக்கு நானே எந்திச்சுச் சொல்லுதேன்!"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பதினஞ்சு நாளு மனுசனா இருந்துட்டேன்ளா" என்றார்.

கோயிலில் நான் எழுந்திருக்கவில்லை.

3.8.76, செவ்வாய்

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்! புது ஆளைப் போட வேண்டும், எழுதித் தாரும் என்று கிருபாநிதி சார் கேட்டாராம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் — ஒரே ஒரு வார்த்தை — கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து என்னிடம் மோர் கேட்கிறார். என்னத்தச் சொல்லுததுக்கு. ஐயோ, என்னத்தச் சொல்லுததுக்கு.

இனி நான் போகாமல் இருக்க முடியாது. அவர் இந்த ஊரில் இருக்க முடியாது.

கூட வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். குடும்பத்தை அழைத்துவரலாம் என்றுதானே கடிதத்தில் போட்டிருக்கிறது. "பொண்டாட்டி சம்பளத்துல ஒக்காந்து திங்கதுக்கா கடல் தாண்டணும்?" என்றார். முகத்தைப் பார்த்தேன்.

3.9.76, வெள்ளி. மெட்ராஸ்

நேற்று ரயிலடியில் பாதி சபை கூடிவிட்டது. அவர் கழுத்தில் ரோஜா மாலை. என் கழுத்தில் கிரேசி. பெண்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள்: "சாருக்கு நேரத்துக்கு ஆக்கிப் போடு, ஜீவமணி. அங்கன அவுகளுக்கு வேற யாரு இருக்கா." தலையை ஆட்டினேன். கிருபாநிதி சார் கண் கலங்கி ஜெபம் பண்ணினார்.

மணியாச்சி தாண்டியதும் மாலையைக் கழற்றி வெளியே போட்டார்.

பிள்ளையைப் படிப்புக்காக மெட்ராஸில் அவள் பெரியப்பா வீட்டில் விட்டுப் போகிறோம் என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறோம். அந்த வீட்டில் அவரும் இருக்கப்போகிறார், அவ்வளவுதான். அவருடைய அண்ணன் வேதமணி ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை சொல்லி வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் அப்பா நைஜீரியாவில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும் — விருதுநகரிலிருந்து திருச்சி வரை கிரேசிக்கு இதே பாடம். விளையாட்டு என்று நினைத்து அவளும் கைதட்டிக் கைதட்டிச் சொன்னாள்.

21.11.76, ஞாயிறு. கானோ பக்கம், நைஜீரியா

இங்கே வெயில் நம் ஊர் வெயில்தான். உப்புக் காற்று இல்லை, புழுதிக் காற்று. பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். கரும்பலகை முன்னால் நிற்கும்வரை சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அறைக்கு வந்து கதவைச் சாத்தினால்தான் தாங்க முடியவில்லை.

இன்றைய கடிதத்தையும் 'வந்துவிடுங்கள்' என்றே முடித்தேன். ஒவ்வொன்றையும் அப்படித்தான் முடிக்கிறேன். அதற்கு மட்டும் அவர் பதில் எழுதுவதில்லை.

6.2.77, ஞாயிறு

அவர் கடிதம் வந்தது. எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கிருபாநிதி சார் ஏதோ கூட்டத்துக்காக மெட்ராஸ் வந்திருக்கிறார். பாரிமுனையில் அவரை எதிரே கண்டதும், இவர் கிரேசியின் கையை உதறிவிட்டுப் பாத்திரக் கடைக்குள் புகுந்துகொண்டாராம். அத்தனை வண்டிகள் போகிற தெருவில், ஐந்து வயதுப் பிள்ளை. நின்று அலறியிருக்கிறாள். சார்தான் ஓடிவந்து தூக்கியிருக்கிறார். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாராம்.

அந்த அழுகையிலும், "அப்பா நைஜீரியாவுல" என்றாளாம்.

இவர் கடைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. சார் பெரியப்பா பெயரைக் கேட்டு, விசாரித்து, ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டிருக்கிறார். சார் ஊருக்கு ரயில் ஏறும்வரை இவர் அச்சகத்திலேயே இருந்துவிட்டாராம்.

இப்போது கிரேசி இவர் கையைப் பிடித்துத் தெருவில் நடக்க மாட்டேன் என்கிறாளாம். 'நீ அவளுக்கு நாலு வரி எழுதேன், நீ சொன்னாக் கேப்பா' என்று முடித்திருக்கிறார்.

உடனே பதில் எழுதினேன். அடுத்த மாதம் தஞ்சாவூரிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற டீச்சரோடு கிரேசியை அனுப்பிவையுங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன், அவளுடைய அம்மை ஊசிச் சீட்டை மறக்க வேண்டாம் என்று.

கடைசி வரிக்கு இடம் இருந்தது. வந்துவிடுங்கள் என்று எழுதவில்லை. ஒட்டிவிட்டேன்.