அப்பா வீட்டுக் கெட்டில்

மார்ச் 3, ஞாயிறு

துணி துவைத்து முடிந்தது என்று போன் சொன்னது. வெளிக் கேட் சாத்தியிருக்கிறது என்று சொன்னது. புக்கிட் பெலண்டோக்கில் அப்பா வீட்டுக் கெட்டில் ஓடியது என்றும் சொன்னது. மூன்றையும் ஒரே விரலால் தள்ளிவிட்டுக் காப்பியை எடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் தோன்றியது. இந்நேரத்துக்கா? வெயில் ஏறிவிட்டதே.

அப்பா பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இருட்டோடு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, அவரும் ஓய்வு பெற்றார். பழைய தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் விடிவதற்குள் காப்பி உள்ளே போயாக வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான்.

"ஞாயித்துக்கிழம, மனுஷன் கொஞ்சம் தூங்கக் கூடாதா?" என்றார் என் கணவர் சுகுமாறன்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று என்றைக்கு இருந்தது?

மார்ச் 5, செவ்வாய்

நேற்றும் அப்படியே. இன்றும்.

மார்ச் 7, வியாழன்

அலுவலகத்தில் காப்புறுதிக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போன பிறகு தம்பி புவனேஸ்வரன் அப்பாவை ஜொகூருக்கு அழைத்துப் போய்விடத் துடித்தான். அடுக்குமாடியில் மிக உயரத்தில் வீடு. அப்பா ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னது: "கீழ பாத்தா தல சுத்துது. மேல பாத்தா அடுத்தவன் தரை. அங்க நான் எங்க போயி காறித் துப்புறது?"

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. பொருள்களைப் புவன் வாங்கினான், சுகுமாறன் மாட்டினார். கெட்டிலுக்கு ஒரு ஸ்மார்ட் பிளக், கூடத்து விளக்குக்குப் போனிலிருந்தே போடவும் அணைக்கவும் முடிகிற ஒரு சுவிட்ச், கூடத்திலேயே ஒரு கேமரா. மூன்றும் எங்கள் மூன்று போன்களிலும் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அப்பா அவர் வீட்டில் இருக்கலாம். ஏதாவது பிசகினால் ஜொகூர். அப்பாவும் ஒப்புக்கொண்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கெட்டிலின் பொத்தானைக் கையால்தான் அழுத்த முடியும். மின்சாரம் ஓடியதா என்பதை மட்டும்தான் பிளக் சொல்லும். ஆகவே காலையில் அந்த வீட்டில் ஒரு கை இருக்கிறது. அப்பாவின் கையா?

மார்ச் 9, சனி

போன் செய்தேன்.

"காலைல எப்பப்பா எழுந்தீங்க?"

"எப்பவும் போலதான்."

"காப்பி?"

"குடிச்சாச்சு."

"எப்ப குடிச்சீங்க?"

"ஏன், ஒங்க பொட்டி சொல்லலையா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சாயங்காலம் கேமராவில் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு. வீட்டுக்குள் கைலியோடு வெற்று மார்பாக உட்காரும் மனிதர் இவர். யாருக்காக இந்தச் சட்டை?

நான் வாய் திறப்பதற்குள் கேமராவைப் பார்த்து, "சாப்ட்டேன்மா" என்றார். பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பதைப் போல.

நாங்கள் பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறாரா?

மார்ச் 13, புதன்

வரிசையாகச் சந்தேகங்கள். மறதி வந்துவிட்டதா. உடம்புக்கு முடியாமல் மறைக்கிறாரா. யாரையாவது வீட்டுக்குள் வைத்திருக்கிறாரா. தனியாக இருக்கும் கிழவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசி வீட்டை எழுதி வாங்கிக்கொள்ளும் கதைகளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ரதிக்குப் போன் செய்தேன். லாரி ஓட்டுநரின் மனைவி, ஊர்க்கதை அத்தனையும் அவள் வாயில்தான் இருக்கும். இன்று இரண்டே வார்த்தை. "நல்லாதான் இருக்காரு லா அக்கா." அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

ரதிக்கு எப்போதிலிருந்து பேச்சு குறைந்தது?

மார்ச் 16, சனி

சொல்லாமல் போனேன். காரைக் கோயிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்பக்கமாக நடந்தேன். அந்த வரிசையில் யாரும் முன்வாசல் வழியாக வருவதில்லை. முன்வாசல் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான், மற்ற எல்லாவற்றுக்கும் சமையலறைக் கதவு. கேமராவை முன்வாசலைப் பார்க்க வைத்த புத்திசாலிகள் நாங்கள்.

சமையலறையில் ரதி. கெட்டிலில் கொதித்த தண்ணீரை அவள் வீட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் மூடியைக் கீழே போட்டாள். "அக்கா... கீழ ஊத்துனா வீணா போவுதேன்னு பிள்ளைங்க மைலோவுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அப்பா எங்க?"

"என்னைய கேக்காதீங்கக்கா. தண்ணி சுட வைக்கிறது மட்டும்தான் என் வேல."

அறைக்குள் போய்ப் பார்த்தேன். கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. போர்வையை முகர்ந்தேன், பூச்சி உருண்டை வாசம். இந்தக் கட்டிலில் யாரும் படுத்துப் பல நாள் ஆகிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் மோட்டார் சத்தம். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். ரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேல இல்லியா?"

"எங்கேருந்து வர்றீங்க?"

"லுக்குட்."

"லுக்குட்ல யாரு இருக்கா?"

ரதி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நழுவினாள். அப்பா ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். அதன் வாரை நேராக இழுத்து விட்டார்.

"பஞ்சாலை" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

பஞ்சாலை தோட்டத்தில் அம்மாவோடு பக்கத்து நிறையில், அடுத்த மரவரிசையில், பால் வெட்டியவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். நானும் புவனும் அவரை அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தோம். எனக்குச் சடங்கு நடந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றியவர்களில் அவரும் ஒருவர். அத்தை என்றால் அப்பாவுக்குத் தங்கச்சி முறை. இப்போது அவர் அப்பாவுக்கு என்ன? எனக்கு என்ன?

அம்மா சாவில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாரே, அது என்ன அழுகை? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தாரே, யாருக்குக் கொண்டுவந்தார்? பழைய படங்கள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் மூலையில் அவர் நிற்கிறார். முன்பெல்லாம் நின்றது கண்ணில் படவேயில்லை.

எப்பலேருந்துப்பா இந்தக் கூத்து? கேட்கணும். கேக்க வாய் வரல. நேத்து எழுந்து வந்துட்டேன், ஒரு வார்த்த பேசாம வந்துட்டேன்.

மார்ச் 18, திங்கள்

புவனுக்குச் சொல்லவில்லை. சுகுமாறனிடம் சொன்னேன். "நல்லதுதானே" என்றார். அவருக்கென்ன, அவருடைய அம்மாவா.

மார்ச் 24, ஞாயிறு

லுக்குட் போனேன். சின்ன வீடு, பக்கவாட்டில் பாகற்கொடிப் பந்தல். பஞ்சாலை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ வந்து நிக்கிறது ஒங்கம்மா கோவமா வந்து நிக்கிற மாதிரியே இருக்கு. உள்ள வா."

உள்ளே போகவில்லை. கேட்டேவிட்டேன். "அம்மா இருக்கும்போதேவா?"

மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கச் செதிலைச் சீவினார். "இல்லன்னு சத்தியம் பண்ணா நம்புவியா?"

"தெரியல."

"அப்புறம் எதுக்கு செத்தவ மேல சத்தியம். இல்ல. அவ்வளவுதான். நம்புறதும் நம்பாததும் ஒன் இஷ்டம்."

வீட்டுக்காகவா என்று நான் கேட்கவில்லை. அது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். "எனக்கு சொந்தமா வீடு இருக்குடி. ஒங்கப்பன் வீட்டுக் கூர ஒழுவுது, எனக்கெதுக்கு அது" என்றார்.

"அப்ப ஏன் ஒளிஞ்சு ஒளிஞ்சு? அவரு ஏன் ராத்திரியானா இங்க ஓடி வரணும்?"

"நாந்தான் அங்க போய்க்கிட்டிருந்தேன். பின்னால வழியா போவேன், கறி ஆக்கி வப்பேன், பேசிக்கிட்டிருப்போம். வரிசையில எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் கூடத்துல அந்தக் கண்ண மாட்டுனீங்க. அதுக்குக் காதும் இருக்காமே? சட்டியில கரண்டி பட்டா ஜொகூர்ல கேக்குமாமே? அப்புறம் நான் எப்படி வர்றது? அதான் அவரு இங்க வந்தாரு."

கொல்லையில் அப்பாவின் சத்தம் கேட்டது. பந்தலுக்குள் வந்த கோழியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கைலி, வெற்று மார்பு, வாய் நிறைய வெற்றிலை. துப்பினார், பந்தலைத் தாண்டி விழுந்தது. இந்தச் சத்தத்தைக் கேமராவில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

திரும்பும்போது அப்பா கார்வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேணா பேசு. பேசாம வேணும்னாலும் இரு. ஜொகூருக்கு மட்டும் அனுப்பிடாதம்மா."

அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை, படிப்புக்கு என்னை அனுப்பியபோதுகூட.

மார்ச் 26, செவ்வாய்

கேமராவைக் கழற்றிவிடலாம் என்றேன். "கழட்டுனா மொதல்ல புவன்தான் ஏன்னு கேப்பான்" என்றார் சுகுமாறன். சரிதான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். அத்தையின் பெயரைச் சொன்னால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

ஏப்ரல் 1, திங்கள்

புவன் கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா கெட்டில் லேட்டாவே ஓடுதே, கவனிச்சியா? முன்னெல்லாம் இருட்டுலயே ஓடும்."

அவனும் பெரட்டுக்காரரின் பிள்ளை என்பதை எப்படி மறந்தேன்?

"வயசாச்சுல்ல" என்றேன்.

"அதான் சொல்றேன். ஒடம்பு தளருது. இனிமே தனியா வுட முடியாது."

"இல்லடா, காலைல வாக்கிங் போறாரு. வந்து குடிக்கிறாரு."

"வாக்கிங்கா? அப்பாவா?"

"கோயில் வரைக்கும். ரதி வீட்டுக்காரன்கூட."

ரதியின் கணவன் லாரியோடு வாரம் முழுவதும் ஊரில் இருப்பதே இல்லை. எங்கிருந்து வந்தது இந்தப் பொய், இவ்வளவு சரளமாக? இனிமேல் நான் சொல்வதை யாராவது நம்புவதென்றால் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ரதியிடம் சொல்லி வைத்தேன். "வாக்கிங்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. அப்பாவுக்கும் சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை. அப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார், தனியாக. ஒரு கரண்டி அளவு பாகற்காய் வறுவலை டப்பாவில் கொண்டுவந்திருந்தார். யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். நன்றாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

பஞ்சாலை சொன்னதை நம்புகிறேனா? காலையில் நம்புகிறேன். மத்தியானத்துக்குள் அம்மாவின் முகம் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ரதி தைப்பிங்குக்குப் போயிருக்கிறாள், அவள் மாமியாருக்கு முடியவில்லை. நேற்றே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் நினைவில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது புவன் செய்தி அனுப்பினான்: "அக்கா, கெட்டில் இன்னும் ஓடல. போன் அடிச்சா அப்பா எடுக்கல. நீ போய் பாக்குறியா, நான் கெளம்பட்டுமா?"

அப்பா மோட்டாரில் இருப்பார், போன் சட்டைப்பைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். கெட்டிலை இங்கிருந்து ஓட்ட முடியாது. அதற்குக் கை வேண்டும்.

செயலியைத் திறந்தேன். அப்பா வீடு. கூடம். விளக்கு. விரல் ஒரு கணம் நின்றது. அழுத்தினேன்.

உடனே புவனிடமிருந்து வந்தது: "ஓகே ஓகே, லைட் போட்டுட்டாரு. எழுந்துட்டாரு."

"ஆமாண்டா, குளிக்கப் போயிருப்பாரு" என்று எழுதினேன்.

சுகுமாறன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். வாசலுக்குப் போய்க் காரை ஸ்டார்ட் செய்தார்.

நான் காலணி போட்டபடியே கூடத்தில் நின்றேன். போட்ட விளக்கை யாராவது அணைக்க வேண்டும். பகலெல்லாம் எரிந்தால் புவன் கேட்பான். அப்பா குளித்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? தலை துவட்ட, திருநீறு பூச, அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்சம் நிற்க... அதற்கெல்லாம் நேரம் விட்டேன். வெளியே ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, அணைத்தேன்.